விண்டோஸ் 11 ஏத்தினப்புறம் கேம் ஓடலை – மறுபடி 10-க்கே போகணுமா?

நாலுரோடு_சென்டர், தருமபுரி:

வணக்கம். தருமபுரி நாலு ரோடு பக்கம் பிரவுசிங் சென்டர். மொத்தம் ஆறு சிஸ்டம், எல்லாம் ஒரே செட்: ஐ3-10100, எச்410 போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடி 1030 கார்டு, 240 ஜிபி எஸ்எஸ்டி, கேம் வைக்க தனியா 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-ல ஓடிட்டு இருந்தது. போன வாரம் எல்லாத்துலயும் விண்டோஸ் 11 25எச்2 ஏத்தியாச்சு. அதுக்கப்புறம் வந்த பிரச்சினைகள் இவை.

சிஸ்டம் 2: சி டிரைவை ஃபார்மட் பண்ணி புதுசா போட்டது. கேம் எல்லாம் டி டிரைவில் அப்படியே இருக்கு. பழைய கார் ரேஸ் கேமைத் திறந்தா முதல்ல "எக்ஸ்இன்புட்1_3.டிஎல்எல் இல்லை"ன்னு வந்தது. சர்வீஸ் பண்றவர் நெட்ல இருந்து அந்த ஃபைலை எடுத்து சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டார். இப்போ 0எக்ஸ்சி000007பி-ன்னு வருது.

சிஸ்டம் 4: ஃபார்மட் பண்ணாம பழைய விண்டோஸ் மேலேயே ஏத்தினது. எந்த 3டி கேமும் திரை ஒரு விநாடி கருப்பாகி மூடிக்குது, ஒரு மெசேஜும் வரதில்லை. டெஸ்க்டாப்பே 1024x768-ல நிக்குது.

சிஸ்டம் 5: வேலரன்ட் கேம் மட்டும் ஓடலை. வேன்9001-ன்னு எரர் வருது.

இது போக எல்லா சிஸ்டத்திலும் ஒண்ணு: ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமில் தண்ணியில் இறங்குற ஸ்கிம்மர் விமானம் காணோம். டிரெய்னர் (சீட் புரோகிராம்) வெச்சு வரவழைச்சா கேமரா ஆகாசத்துக்குப் போயிடுது, ஆள் திரும்பி வர்றதே இல்லை.

சர்வீஸ் பண்றவர் ஆறையும் பழையபடி 10-க்கு மாத்திடலாம்ங்கிறார். அரையாண்டு லீவு ஆரம்பிக்கப் போகுது, பசங்க வருவாங்க. நெட் போன் ஹாட்ஸ்பாட்தான், 50 ஜிபி கேமை மறுபடி இறக்க வழியில்லை. 10-க்குப் போகலாமா, இல்ல இதையே சரி பண்ணலாமா?

ஓசூர்_பாகலூர்ரோடு:

வணக்கம்ங்க. 10-க்குப் போகாதீங்க. விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. வர்றவங்க பென்டிரைவ் செருகற கடை சிஸ்டம் பாதுகாப்பு இல்லாம நிக்கக் கூடாது. அதோட நீங்க எழுதினதைப் படிச்சா இது ஒரே நோய் இல்லை, நாலு தனித்தனி நோய். ஒண்ணுக்குக்கூட 10-க்குத் திரும்பறது அவசியமில்லை.

ஆனாலும் ஒரு பிடிமானம் வெச்சுக்கங்க. ஃபார்மட் பண்ணாம மேலேயே ஏத்தின சிஸ்டங்களில் பழைய விண்டோஸ் பத்து நாளைக்கு "விண்டோஸ்.ஓல்டு" ஃபோல்டரில் இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, கோ பேக். பத்து நாள் போச்சுன்னா அது தானா அழிஞ்சிடும். அட்மினா கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:30 கொடுத்தா முப்பது நாள் ஆகும். அறுபது வரைக்கும் வைக்கலாம். கட்டளைகளை இங்க ஒலிப்படி தமிழில் எழுதறேன், டைப் பண்ணும்போது ஆங்கில எழுத்தில் போட்டுக்கங்க. பத்து நாள் தாண்டறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணணும். டிஸ்க் க்ளீனப் பண்றேன்னு யாராவது விண்டோஸ்.ஓல்டை அழிச்சிட்டா இதுவும் பயன்படாது. சிஸ்டம் 2-ல ஃபார்மட் ஆனதால இந்த வழி அங்க இல்லை.

இப்போ சிஸ்டம் 2. கேம் ஃபோல்டர் டி-யில் பத்திரமா இருந்தாலும், அது ஓடறதுக்கு வேண்டிய துணை ஃபைல்கள் சி டிரைவில்தான் இருந்தது. ஃபார்மட்ல அதெல்லாம் போயிடுச்சு. விண்டோஸ் 10, 11 ரெண்டிலும் பழைய டைரக்ட்எக்ஸ் 9-ன் டி3டிஎக்ஸ்9 வரிசை ஃபைல்களும் எக்ஸ்இன்புட்1_3-யும் கூடவே வர்றதில்லை. 2005லிருந்து 2012 வரை வந்த கேம்களில் பெரும்பாலானது இதைத்தான் தேடும்.

0எக்ஸ்சி000007பி-க்கு அர்த்தம் இதுதான்: 32 பிட் புரோகிராம் 64 பிட் டிஎல்எல்லை, அதாவது துணை ஃபைலை, தொட்டிருக்கு, இல்லேன்னா அதுக்கு நேர் எதிர். இதில் பெரிய குழப்பம் பெயர்ல இருக்கு. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டர்லதான் 64 பிட் ஃபைல்கள் இருக்கும். 32 பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும். பேரைப் பார்த்தா தலைகீழா தோணும், அதனாலதான் கையால டிஎல்எல் போடற எல்லாரும் இங்க வந்து மாட்டறாங்க. போதாததுக்கு, நெட்ல கிடைக்கிற தனி டிஎல்எல்லில் என்ன கலந்திருக்குன்னே தெரியாது. டிஎல்எல் டவுன்லோடு தளம் பக்கமே போகாதீங்க.

சரி பண்ற வரிசை: முதல்ல அவர் போட்ட எக்ஸ்இன்புட்1_3-ஐ சிஸ்டம்32, சிஸ்வாவ்64, கேம் ஃபோல்டர் மூணு இடத்திலும் தேடி அழிங்க. டேட் மாடிஃபைடு பார்த்து, போன வாரம் வேற ஏதாவது டிஎல்எல் வந்திருந்தா அதையும் எடுங்க. எக்ஸ்இன்புட்1_4, எக்ஸ்இன்புட்9_1_0 ரெண்டும் விண்டோஸோட சொந்த ஃபைல், அதைத் தொடக்கூடாது.

அடுத்து மைக்ரோசாஃப்ட் தளத்தில் "டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம்ஸ் ஜூன் 2010" முழு பேக்கேஜ், சுமார் 95 எம்பி. நிறைய பேர் இங்க ஒரு தப்பு பண்றாங்க. அந்த எக்ஸியை ஓட்டினா அது இன்ஸ்டால் ஆகாது, ஒரு ஃபோல்டர் கேட்டு அதுக்குள்ள ஃபைல்களைப் பிரிச்சுக் கொட்டும், அவ்வளவுதான். பிரிச்ச ஃபோல்டருக்குள்ள போய் டிஎக்ஸ்செட்டப்-ஐ ஓட்டினாத்தான் இன்ஸ்டால் ஆகும். அதனால டி டிரைவில் காலி ஃபோல்டர் ஒண்ணு போட்டு அதுக்குள்ள பிரிங்க, டெஸ்க்டாப்பில் பிரிச்சா நூத்துக்கு மேல கேப் ஃபைல் சிதறிக் கிடக்கும்.

மூணாவது விஷுவல் சி++ ரிடிஸ்ட்ரிபியூட்டபிள். 2005, 2008, 2010, 2012, 2013 தனித்தனி. 2015 முதல் 2022 வரை ஒரே பேக்கேஜ். ஒவ்வொண்ணுலயும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) ரெண்டையும் போடணும். "என்னுது 64 பிட் விண்டோஸ்தானே"ன்னு எக்ஸ்64 மட்டும் போட்டா 32 பிட் கேம் ஓடாது, இதுதான் அடிக்கடி நடக்கிறது. புதுசு போட்டாச்சுன்னு பழைய வருஷத்தை நீக்கவும் வேண்டாம், 2010-ஐக் கேட்கிற கேமுக்கு 2013 உதவாது.

இதுக்கு நெட்டே வேண்டியதில்லாமலும் போகலாம். ஸ்டீமில் வாங்கின கேம் ஃபோல்டருக்குள்ள "_காமன்ரிடிஸ்ட்"ன்னு ஒரு ஃபோல்டர் பல கேம்களில் இருக்கும், இந்த இன்ஸ்டாலர்கள் அதிலேயே கிடக்கும். முதல்ல அங்க பாருங்க.

காவேரிப்பட்டணம்_ஹார்டுவேர்:

சிஸ்டம் 4 பத்தி நான் சொல்றேன். 1024x768-ல நிக்குதுன்னு எழுதினதே பாதி பதில். டிவைஸ் மேனேஜர் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் விரிச்சுப் பாருங்க. ஜிடி 1030-ன்னு பேர் இல்லாம "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருக்கும். அது படம் காட்டறதுக்கான தற்காலிக டிரைவர், 3டி வேலையை கார்டுகிட்ட ஒப்படைக்கத் தெரியாது. கேம் கேட்டுப் பார்த்துட்டு மூடிக்குது.

அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சிபியு பின்னாடி பாருங்க. ஐ3-10100-ல உள்ளேயே இன்டெல் யுஎச்டி 630 இருக்கு. ஏத்தற நேரத்தில் வயரைக் கழட்டி மாட்டியிருந்தா மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாம போர்டு எச்டிஎம்ஐ-ல போயிருக்கலாம். கேபிள் கீழே குறுக்கா இருக்கிற ஜிடி 1030 துளையில் இருக்கணும்.

டிரைவருக்கு வருவோம். ஜிடி 1030 பாஸ்கல் தலைமுறை. என்விடியா பாஸ்கலுக்கு 580 வரிசை டிரைவரோட கேம் ரெடி வெளியீட்டை நிறுத்திடுச்சு. இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். அதனால "லேட்டஸ்ட்"னு 590 வரிசையை இறக்கினா இன்ஸ்டாலர் "பொருத்தமான கார்டு இல்லை"ன்னு நின்னுடும், கார்டு செத்துடுச்சுன்னு பயந்துடாதீங்க. தளத்தில் கார்டு பேரையும் விண்டோஸ் 11-ஐயும் தேர்ந்தெடுத்துத் தேடினா 580 வரிசையில் இருக்கிறதைக் காட்டும், அதை எடுங்க. ஒரு தடவை இறக்கி பென்டிரைவில் வெச்சா ஆறு சிஸ்டத்துக்கும் அதுவே.

பழசு மேலேயே போட்டா சில நேரம் ஒட்டாது. விண்டோஸ் மாறும்போது பாதி பழைய டிரைவர் ஃபைல் தங்கியிருக்கும். டிடியு-ன்னு சொல்ற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் வெச்சு சுத்தம் பண்ணணும். ஹாட்ஸ்பாட்டை அணைச்சிட்டு ஆரம்பிங்க. இதை விட்டா, டிரைவரை நீக்கின மறு நிமிஷமே விண்டோஸ் அப்டேட் தன்கிட்ட இருக்கிற ஒரு டிரைவரைத் திணிச்சிடும். ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட் அழுத்தி சேஃப் மோடுக்குப் போங்க, டிடியு-வில் "க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்", சாதாரணமா திறந்ததும் பென்டிரைவில் இருந்து 580-ஐப் போடுங்க, அப்புறம் நெட்டை இணைங்க.

முடிச்சதும் ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட் கொடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை, கெர்னலையும் டிரைவரையும் டிஸ்க்ல சேமிச்சு மறுநாள் அப்படியே எடுத்து வைக்கும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாத்தையும் புதுசா ஏத்தும்.

அப்படியும் மெசேஜ் இல்லாம மூடினா ஈவென்ட் வியூவர்: விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன், அதில் சிவப்பு நிற 1000 எண். உள்ளே "ஃபால்டிங் மாட்யூல் நேம்"னு ஒரு வரி இருக்கும். அது என்வி-ன்னு தொடங்கினா டிரைவர். எம்எஸ்விசிபி, விசிரன்டைம்னு இருந்தா முன்னாடி ஓசூர் அண்ணன் சொன்ன விஷுவல் சி++ பக்கம் பாருங்க. கேம் எக்ஸியோட பேரே இருந்தா கேம் ஃபைல் கெட்டிருக்கு, அல்லது கேம்லயே பிழை. ஸ்டீம் கேம்னா ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், வெரிஃபை கொடுங்க. 50 ஜிபியையும் இறக்காது, கெட்ட துண்டை மட்டும் இறக்கும். என்டிடிஎல்எல்-ன்னு இருந்தா அதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, எல்லாக் கோளாறும் கடைசியில் அங்க வந்துதான் விழும்.

அரூர்_நெட்வொர்க்:

வேன்9001-க்கு வர்றேன். இதில் கேம்மேல தப்பில்லை. வேலரன்ட்டில் ஏமாத்து வேலையைத் தடுக்கிற புரோகிராம் வேன்கார்டு. விண்டோஸ் 10-ல அது டிபிஎம்-ஐ (போர்டில் இருக்கிற பாதுகாப்பு வசதி) கட்டாயமா கேட்கலை, விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0-வும், நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடற செக்யூர் பூட்டும் ரெண்டுமே ஆன்ல இருந்தாத்தான் விடும். உங்க எச்410 போர்டில் இன்டெல் பிடிடி-ன்னு டிபிஎம் இருக்கு, பயாஸில் ஆஃப்ல கிடக்கும்.

இங்கதான் அவசரப்படக் கூடாது. பயாஸுக்கு நேரா போய் செக்யூர் பூட்டை ஆன் பண்ணிடாதீங்க. விண்டோஸ்+ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 கொடுங்க. "பயாஸ் மோடு" யுஇஎஃப்ஐ-ன்னு இருந்தா வேலை சுலபம். "லெகசி"ன்னு இருந்தா உங்க எஸ்எஸ்டி எம்பிஆர்-ங்கிற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கு. அந்த நிலையில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் பண்ண விடற பயாஸ் வசதி) ஆஃப் பண்ணினா சிஸ்டம் பூட்டே ஆகாது.

லெகசின்னா முதல்ல அதே எஸ்எஸ்டி-யை ஜிபிடி-ங்கிற புது பார்ட்டிஷன் முறைக்கு மாத்தணும். முக்கியமான ஃபைலை வெளியே எடுத்துட்டு, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ். இது சோதனை மட்டும், எதையும் மாத்தாது. "வேலிடேஷன் கம்ப்ளீட்டட்"னு வந்தா அதே வரியில் வேலிடேட்டுக்குப் பதிலா கன்வெர்ட். பிரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல இருந்தா சோதனையிலேயே நின்னுடும். மாறினதும் ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ்: சிஎஸ்எம் டிஸேபிள், பிடிடி எனேபிள், செக்யூர் பூட் எனேபிள். செக்யூர் பூட் எனேபிள் ஆகியும் எம்எஸ்இன்ஃபோவில் "ஆஃப்"னே காட்டினா, பயாஸில் கீ ஏறலைன்னு அர்த்தம். செக்யூர் பூட் பகுதியில் "ஸ்டாண்டர்டு"ன்னு மாத்தி டிஃபால்ட் கீகளை ஏத்துங்க. கடைசியா டிபிஎம்.எம்எஸ்சி திறந்து ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0-ன்னு இருக்கான்னு பாருங்க.

மாத்தறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு புதுசா ஏத்தின விண்டோஸ் 11-ல டிரைவ் தானா என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். பயாஸில் டிபிஎம்-ஐத் தொட்டதும் நீல திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், அது கையில் இல்லேன்னா டிரைவில் இருக்கிறது போனது போனதுதான். செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருந்தா முதல்ல அதை ஆஃப் பண்ணி, டிக்ரிப்ட் முழுசா முடியற வரை காத்திருங்க.

வேன்9003 வந்தா செக்யூர் பூட் மட்டும்தான் பாக்கி.

ஓசூர்_பாகலூர்ரோடு:

ஸ்கிம்மரை யாரும் தொடலை, அதையும் சொல்லிடறேன். இதைப் புரிஞ்சுக்கிட்டா "அப்டேட் கெடுத்துடுச்சு"ன்னு சொல்ற பல விஷயம் விளங்கும்.

சான் ஆண்ட்ரியாஸ் பிசி-யில் வந்தது 2005. டேட்டா ஃபோல்டரில் வெஹிக்கிள்ஸ்.ஐடிஇ-ன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி. வரியின் கடைசி நாலு மதிப்பு சக்கரத்தைப் பத்தினது, அதில் முன் சக்கர அளவு, பின் சக்கர அளவு உண்டு. 460-ஆம் எண் ஸ்கிம்மர். முந்தின கேமில் அது படகு வகையில் இருந்தது, இங்க விமானமா மாத்தினவங்க அந்த நாலு மதிப்பைச் சேர்க்க விட்டுட்டாங்க. மத்த எல்லா விமான வரியிலும் இருக்கு.

மதிப்பு இல்லாட்டி கேம் என்ன பண்ணும்? முன்கூட்டியே ஒரு எண்ணை வெச்சுக்கிட்டுப் படிச்சிருக்கணும், அப்படி எழுதலை. அதனால நினைவகத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதையே சக்கர அளவா எடுத்துக்கிச்சு. அதுக்கு முந்தின வரி 459, டாப்ஃபன் வேன், சக்கர அளவு 0.7. அந்த 0.7 அழியாம அங்கேயே கிடந்ததால ஸ்கிம்மர் இருபது வருஷமா அதை வெச்சு ஓடிச்சு. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் விண்டோஸ் தன் உள் வேலைக்கு அதே நினைவக இடத்தைக் கொஞ்சம் கூடுதலா பயன்படுத்த ஆரம்பிச்சது. 0.7 அழிஞ்சு, சம்பந்தமே இல்லாத எண் வந்து உக்காந்துச்சு. சக்கரம் கணக்கில்லாத பெரிசாகி, ஆள் ஆகாசத்துக்குப் போறான். 25எச்2-க்கும் 24எச்2-க்கும் அடித்தளம் ஒண்ணுதான், அதனால உங்க ஆறிலும் வருது. பழைய ஜிடிஏ கேம்களின் பிழையை அடைக்கிற சைலன்ட்பேட்ச்சை எழுதறவர்தான் 2025 ஏப்ரலில் இதைத் துருவிக் கண்டுபிடிச்சு வெளியிட்டார்.

விண்டோஸ் தப்பு பண்ணலை. அந்த இடத்தில் என்ன கிடக்கும்னு அது யாருக்கும் வாக்கு கொடுக்கலை.

சரி பண்ண, வெஹிக்கிள்ஸ்.ஐடிஇ-யை ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு நோட்பேடில் திறந்து 460-ல தொடங்கற வரியைத் தேடுங்க. வரி முடிவில் ஒரு காற்புள்ளி போட்டு -1, 0.7, 0.7, -1 சேர்த்து சேமிங்க. புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள கேம் இருந்தா சேமிக்க விடாது, நோட்பேடை அட்மினா திறக்கணும். சைலன்ட்பேட்ச்சின் புது பதிப்பைப் போட்டாலும் போதும், அது இதோட வேற பல பழைய பிழையையும் அடைக்கும்.

நாலுரோடு_சென்டர், தருமபுரி:

ரொம்ப நன்றிங்கண்ணா. சிஸ்டம் 2-ல மூணு இடத்திலும் அந்த டிஎல்எல் இருந்தது, அழிச்சு டிஎக்ஸ்செட்டப் ஓட்டினதும் ரேஸ் கேம் திறந்துடுச்சு. சிஸ்டம் 4-ல பேசிக் அடாப்டர்தான் இருந்தது, 580 போட்டாச்சு, ஓடுது. ஸ்கிம்மர் தண்ணியில் நிக்குது. சிஸ்டம் 5 லெகசின்னு காட்டுது, வேலிடேட் சரின்னு வந்தது, கன்வெர்ட் இன்னும் பண்ணலை.

ஆனா சிஸ்டம் 4-ல சான் ஆண்ட்ரியாஸ் சேவ் எல்லாம் காணோம். லோடு கேம் காலியா இருக்கு. பசங்க எட்டு ஸ்லாட்டும் நிரப்பி வெச்சிருந்தாங்க.

அரூர்_நெட்வொர்க்:

அழிஞ்சிருக்காது தம்பி. சேவ் இருக்கிற இடம் டாக்குமென்ட்ஸ், அதுக்குள்ள ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ். விண்டோஸ் 11-ல கணக்கு போட்டு உள்ளே போகும்போது ஒன்டிரைவ் பேக்கப்பும் சேர்ந்து ஆன் ஆகியிருக்கும். அப்போ டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள்ள இடம் மாறிடும். கேம் ஒரு டாக்குமென்ட்ஸில் தேடுது, சேவ் வேறொரு டாக்குமென்ட்ஸில் கிடக்கு.

யூசர்ஸ், உங்க பேர், டாக்குமென்ட்ஸ்னு ஒரு இடம். யூசர்ஸ், உங்க பேர், ஒன்டிரைவ், டாக்குமென்ட்ஸ்னு இன்னொரு இடம். ரெண்டிலும் போய் ஜிடிஏஎஸ்ஏஎஸ்எஃப்1.பி முதல் 8.பி வரை எங்க இருக்குன்னு பாருங்க. அந்த எட்டையும் முதல்ல பென்டிரைவில் காப்பி பண்ணுங்க. அப்புறம் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் மேனேஜ் பேக்கப் போய் டாக்குமென்ட்ஸை ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணினதும் ஃபைல் தானா பழைய இடத்துக்கு வந்துடும்னு நம்பி இருக்காதீங்க, ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கிடறது உண்டு. கேமை ஒரு தடவை திறந்து மூடினா புது யூசர் ஃபைல்ஸ் ஃபோல்டர் எங்க உருவாகுதுன்னு தெரியும், அதுக்குள்ள அந்த எட்டையும் போடுங்க.

சேவ் எடுக்கவே விடலைன்னா விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்ஷன், கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் பாருங்க. ஆன்ல இருந்தா தெரியாத புரோகிராம் எதையும் டாக்குமென்ட்ஸில் எழுத விடாது. அதை மொத்தமா அணைக்க வேண்டாம், கேம் எக்ஸியை மட்டும் அனுமதிச்ச பட்டியலில் சேருங்க.

காவேரிப்பட்டணம்_ஹார்டுவேர்:

சிஸ்டம் 5 கன்வெர்ட் பண்றதுக்கு முன்னாடி கரண்ட் பத்தி. எம்பிஆர்2ஜிபிடி ஓடறப்போ கரண்ட் போனா பார்ட்டிஷன் டேபிள் பாதியில் நின்னுடும், அப்புறம் ரெகவரி வேலைதான். தருமபுரியில் மாதாந்திர பராமரிப்பு மின்தடை முந்தின நாளே பேப்பரில் வரும், அந்த நாளைத் தவிர்த்துடுங்க. மத்த நாளிலும் யுபிஎஸ்-ல போட்டுப் பண்ணுங்க, பேட்டரி உண்மையா தாங்குதான்னு முதல்ல பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துட்டு.

லீவு முடியற வரை ஆறிலும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் கொடுத்து வைங்க, அஞ்சு வாரம் வரைக்கும் நிறுத்தலாம். ஹாட்ஸ்பாட்டை வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் மீட்டர்டு கனெக்ஷனா மாத்துங்க, பெரிய அப்டேட் தானா இறங்காது, டேட்டாவும் மிச்சம். டிரைவர் மட்டும் மறுபடி மாறாம இருக்க, ஸ்டார்ட்டில் "டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்"னு தேடி "நோ" கொடுத்து சேமிங்க. இதை சிஸ்டம் 4-ல இன்னைக்கே பண்ணிடுங்க.

நாலுரோடு_சென்டர், தருமபுரி:

சேவ் எட்டும் ஒன்டிரைவ் டாக்குமென்ட்ஸில் இருந்தது, எடுத்து வெச்சாச்சு. யுபிஎஸ்-ல பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், நாலு நிமிஷம்தான் நின்னுது. பேட்டரி மாத்தினப்புறம் கன்வெர்ட் பண்ணிட்டு வந்து எழுதறேன்.